அடகுச் சீட்டில் இல்லாத கட்டம்

பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயிலுக்கு மாரிகுப்பம்தான் கடைசி ஸ்டேஷன். பொழுது விடியுமுன் இங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்களின் கழுத்தைப் பாருங்கள். பலருக்கு வெறும் மஞ்சள் கயிறுதான். "தாலி எங்கேம்மா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "சேட்டு கடையில தூங்குது சார்" என்று சிரித்தார்.

சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தை வெளியே அனுப்பிய கோலார் தங்கவயலில்தான் இந்த நிலைமை. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வெட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் லண்டனுக்குக் கப்பலேறியது. வெட்டியவர்களைக் கைரேகை பதியச் சொன்னார்கள். கம்பெனிக்கு அவர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை! 1930ல் அதை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியவை சயனைடு மண்மேடுகள்.

இதே போன்ற கதை அமெரிக்காவிலும் உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தின் செரியோஸ் குன்றுகளில் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் கிடைக்கும். ஐரோப்பியர் கால் வைப்பதற்குப் பல நூறாண்டுகள் முன்பே ப்யூப்ளோ மக்கள் கல் சுத்தியலால் பாறையைப் பிளந்து அதை எடுத்தார்கள். கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து கிளிஞ்சல் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. இரண்டையும் சிறு சில்லுகளாக்கி, துளை போட்டு, சரமாகக் கோத்து, மணற்கல்லில் உருட்டி உருட்டித் தேய்த்தால் வழவழப்பான மணிமாலை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கும் ஒரு கம்பெனி வந்தது. மலை கைமாறியது, கல் நியூயார்க் டிஃபனி நகைக்கடைக்குப் போனது. இதுவரை நம் கதையேதான். ஆனால் அவர்களிடமிருந்து மலை போனதே தவிர, தொழில் போகவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நல்ல கல் வாங்கக் காசில்லை. சான்டோ டொமிங்கோ கிராமத்தார் (கேவா என்றும் பெயர்) சளைக்கவில்லை. பழைய கார் பேட்டரியின் கறுப்புக் கூட்டையும் உடைந்த கிராமபோன் தட்டையும் வெட்டி, நடுவில் பறவைப் பதக்கம் வைத்து மாலை செய்தார்கள். சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகளிடம் மலிவாக விற்றார்கள். அந்த 'பேட்டரி மாலை'களை இன்று சேகரிப்பாளர்கள் வலைவீசித் தேடுகிறார்கள்.

அந்தப் பகுதியிலும் அடகு உண்டு. வியாபாரியிடம் நகையை வைத்து மாவும் சர்க்கரையும் வாங்குவார்கள். மீட்க முடியாமல் மூழ்கிய நகைகள் 'பழைய அடகு' என்ற பெயரிலேயே இன்று கூடுதல் விலைக்குப் போகின்றன. அந்த லாபம் செய்தவர் வீட்டுக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நகை நகையாகவே இருக்கிறது. கல்லையும் கிளிஞ்சலையும் உருக்க முடியாதே! பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது குற்றம் என 1990ல் சட்டமே வந்தது.

இங்கே மூழ்கிய நகைக்கு என்ன கதி? உருக்குக் குடுவைதான். பாட்டியின் அட்டிகையும் அம்மாவின் கம்மலும் ஒரே கட்டியாகிவிடும். தங்கத்தின் பெருமையே அதுதான்: எங்கே போனாலும் விலை போகும். அதன் குறையும் அதுதான்: யாருடையது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

தங்கம் விளைந்த ஊரில், ஊர்ப் பெயர் சொல்ல ஒரு நகை வேலைப்பாடு வளரவில்லை. வளர யாரும் விடவுமில்லை. அடகுச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கிராம் எழுத இடம் இருக்கிறது. வட்டி எழுத இடம் இருக்கிறது. செய்தது யார், போட்டிருந்தது யார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

ரயில் ஊதியது. அந்தப் பெண் மஞ்சள் கயிற்றைப் புடவைக்குள் செருகிக்கொண்டு ஓடிப் போய் ஏறினார்.