கடலோடியைத் தக்கவைப்பது எது?



ஜூன் 25, உலகக் கடலோடிகள் நாள். கை நிறையச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள், நான்கைந்து காண்ட்ராக்ட் முடிந்ததுமே 'கரையில ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று ஏன் கேட்கிறார்கள் என்பதை இந்த நாளிலாவது யோசிக்க வேண்டும்.

சரக்குக் கப்பலின் செகண்ட் ஆபீசரை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு 12 முதல் 4 வரை பிரிட்ஜில் வாட்ச். பகல் 12 முதல் 4 வரை மறுபடியும். தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். துறைமுகம் வந்தால் அதுவும் போச்சு: சரக்கு வேலை, ஆய்வாளர்கள், கத்தை கத்தையாய்ப் படிவங்கள். இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் கப்பல் கிளம்பத் தயாராகிவிடும்.

விதி இருக்கத்தான் செய்கிறது. 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2015-ல் இந்தியாவும் சேர்ந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு என்பது அதன் கணக்கு. ஆனால் ஓய்வு நேரப் பதிவேட்டைச் 'சரிசெய்து' எழுதும் பழக்கம் கப்பல்களில் ஊறிப்போயிருப்பதை உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு எடுத்துக்காட்டியது. வேலைக்குப் போதிய ஆள் இல்லாதபோது, கண் விழித்தவரும் ஏட்டில் தூங்கியவராகிவிடுகிறார்.

அடுத்த வேதனை, ரிலீவர் எனும் மாற்று ஆள். அவர் வராவிட்டால் சைன் ஆஃப் ஆகி இறங்குவது தள்ளிப்போகும்; தங்கையின் கல்யாணமும் குழந்தையின் முதல் பிறந்தநாளும் கைவிட்டுப் போகும். கொரோனா காலத்தில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கிக் கிடந்தார்கள். அந்தக் காயம் பலரைக் கரையேற்றியது. கப்பல் துறை அமைப்புகளான பிம்கோவும் சர்வதேசக் கப்பல் சபையும் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 26,240 அதிகாரிகள் பற்றாக்குறை என்றது. இருப்பவர்கள் விலக விலக, மிஞ்சியவர்கள் தலையில்தான் சுமை ஏறும். அவர்களும் விலகப் பார்ப்பார்கள்.

2024 டிசம்பர் முதல், கப்பலில் இணைய வசதியும் அந்தத் தொழிலாளர் உடன்படிக்கையில் இடம்பெற்றுள்ளது. நல்ல செய்தி. ஆனால் வீடியோ காலில் வீட்டைப் பார்ப்பது, வீடு திரும்புவதற்கு ஈடாகாது.

கப்பல் நிறுவனங்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: சம்பளத்தைக் கூட்டுவதோடு ஆளையும் கூட்டுங்கள், சொன்ன தேதியில் வீட்டுக்கு அனுப்புங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை கப்பலிலிருந்து பேசும்போது, பணம் வந்ததைச் சொல்வதற்கு முன், 'நல்லா தூங்கினியாப்பா?' என்று கேளுங்கள். 'முடியலை' என்று சொன்னால், 'எல்லாம் பழகிடும்' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். முழுதாகக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்