பத்தாம் எண்காரரை எங்கே நிறுத்துவது?

2006 ஜூன் 30 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதியின் 72ஆம் நிமிடத்தைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது சண்டையில்தான் முடிகிறது. அர்ஜெண்டினா 1-0 என்று முன்னணியில் இருந்தது. அந்த ஒரு கோலும் ஹுவான் ரோமான் ரிகெல்மே அடித்த கார்னரை அயாலா தலையால் முட்டியதால் வந்தது. பயிற்சியாளர் ஹோஸே பெக்கர்மேன் ரிகெல்மேயை வெளியே அழைத்துக்கொண்டு, அவரிடத்தில் கம்பியாஸோவை இறக்கினார். எட்டு நிமிடங்களில் ஜெர்மனியின் க்ளோஸ சமன் செய்தார். பெனால்டிகளில் ஜெர்மனி 4-2 என்று வென்றது. அர்ஜெண்டினா தவறவிட்ட இரண்டில் ஒன்று கம்பியாஸோவுடையது. அந்த வாரம்தான் 19 வயதை எட்டியிருந்த மெஸ்ஸி கடைசிவரை களமிறக்கப்படவேயில்லை.

பெக்கர்மேன் செய்தது சரியா என்று தொடங்கும் சண்டை சீக்கிரமே வேறொன்றாகிவிடும். ரிகெல்மே போன்ற ஒருவரை ஓர் அணி எங்கே வைத்துக்கொள்வது என்பதே அதன் அடியில் கிடக்கும் கேள்வி. ஒரு சாரார் சொல்வது இது: மெதுவாக நகர்கிற, பந்தை இழந்தால் பின்னால் ஓடித் துரத்தாத, தனக்கென்று ஓரிடத்தை ஒதுக்கித் தரச் சொல்கிற ஆட்டக்காரர் ஓர் அணிக்கு ஆடம்பரம். மேதை என்றால் எங்கே நிறுத்தினாலும் ஆடிக் காட்ட வேண்டாமா? சான்றாக அவர்கள் உடனே எடுத்து வைக்கும் பெயர் ஆந்த்ரேயா பிர்லோ. அவரும் பத்தாம் எண் ஆட்டக்காரராகத்தான் வளர்ந்தார். இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மாற்றிக்கொண்டார், உலகக் கோப்பையை வென்றார். ரிகெல்மே மாற மறுத்தார், தோற்றார்.

இந்த நீதிக்கதை கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது தவறான கதை என்பது நம் துணிபு. பிர்லோவிடம் கேட்கப்பட்டதும் ரிகெல்மேயிடம் கேட்கப்பட்டதும் ஒன்றல்ல.

பிர்லோவின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 1979இல் பிறந்தவர். பிரேஷா அணியில் பதினாறு வயதிலேயே முதல்தர ஆட்டம் கண்டவர். 1998இல் இண்டர் மிலான் அவரை வாங்கியது. முன்கள ஆட்டக்காரர்களுக்குப் பின்னால், எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய வெளியில் ஆடுபவரை இத்தாலியர்கள் ‘ட்ரெக்வார்ட்டிஸ்டா’ என்பார்கள். பிர்லோ அந்த வகையினர் என்றே கருதப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் அவர் துலங்கவில்லை. அங்கே பந்து வரும்போது முதுகு கோலை நோக்கியிருக்கும். திரும்புவதற்குள் ஒருவர் வந்து இடிப்பார். இடித்தவரை ஓடிக் கடக்கும் வேகம் பிர்லோவின் கால்களில் இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடும் கண்கள் இருந்தும், அவற்றுக்கு எதிரே எப்போதும் தன் அணியின் கோல் கம்பமே தெரிந்தது.

2001 தொடக்கத்தில் இண்டர் அவரைப் பிரேஷாவுக்கே இரவலாக அனுப்பியது. அங்கே பத்தாம் எண்ணில் ரொபெர்த்தோ பாஜியோ இருந்தார். பாஜியோ இருக்கிற இடத்தில் இன்னொருவர் எப்படி நிற்பது? பயிற்சியாளர் கார்லோ மாட்ஸோனே, பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து, தன் தடுப்பு வரிசைக்கு நேர் முன்னால் நிறுத்தினார். தீர்க்கதரிசனம் என்று இன்று எல்லாரும் மெச்சும் அந்த முடிவில் பாதியாவது இட நெருக்கடியால் பிறந்தது. இலக்கியத்திலும் இப்படி நடப்பதுண்டு. கவிதைக்கான பக்கம் நிரம்பிவிட்டதால் ஆசிரியர் கேட்டு வாங்கிப் போட்ட கட்டுரையில் ஒருவர் தன் மொழியைக் கண்டுகொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

2001 ஏப்ரல் 1 அன்று டூரினில் யுவெண்டஸுக்கு எதிராக நடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடுக்களத்திலிருந்து பிர்லோ தூக்கி அனுப்பிய நீண்ட பந்து, யுவெண்டஸின் தடுப்பு வரிசைக்கு மேலாகப் பறந்து, ஓடிக்கொண்டிருந்த பாஜியோவின் காலுக்கு இறங்கியது. பாஜியோ ஒரே தொடுதலில் பந்தைப் பணிய வைத்து, அதே அசைவில் கோல்காப்பாளர் வான் டெர் சாரைக் கடந்து கோலடித்தார். ஆட்டம் 1-1. பேசப்படுவது பாஜியோவின் அந்தத் தொடுதல்தான், பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் நம் விவாதத்துக்கு அந்தப் பந்து புறப்பட்ட இடமே முக்கியம். கோலுக்கு இருபது மீட்டர் தூரத்தில் நின்றிருந்தால் பிர்லோவால் அதை அனுப்பியிருக்கவே முடியாது. பின்வாங்கியதில் அவருக்குப் பார்வை கிடைத்தது. மைதானம் முழுவதும் அவர் முன்னால் விரிந்தது.

அவ்வாண்டே அவர் ஏ.சி. மிலானுக்குச் சென்றார். அங்கே பத்தாம் எண்ணில் ரூயி கோஸ்தா. மறுபடியும் நாற்காலி காலியில்லை. பயிற்சியாளர் ஆன்செலோட்டி மாட்ஸோனேயின் வழியையே பிடித்துக்கொண்டார். தடுப்பு வரிசைக்கு முன் நின்று ஆட்டத்தை நடத்துபவருக்கு இத்தாலிய மொழியில் ‘ரெஜிஸ்டா’ என்று பெயர். திரைப்பட இயக்குநருக்கும் அங்கே இதே சொல்தான். 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் மிலான் சாம்பியன்ஸ் லீகை வென்றது. பிர்லோ தன் வேலையை மாற்றிக்கொண்டார் என்று சொல்வது தவறு. பந்தைப் பெறுவது, பார்ப்பது, கொடுப்பது என்று முன்பு எதைச் செய்ய முயன்று முடியாமல் போனதோ அதையே அதிகமாகச் செய்ய ஏற்ற இடத்துக்கு அவரை நகர்த்தினார்கள்.

ரிகெல்மேக்கு நேர்ந்தது இதன் தலைகீழ். போகா ஜூனியர்ஸில் அவர் ஆடிய இடத்துக்கு அர்ஜெண்டினாவில் ‘எங்கான்சே’ என்று பெயர். கொக்கி என்று பொருள். நடுக்களத்தையும் முன்களத்தையும் மாட்டிவைக்கிற கொக்கி. 2000 நவம்பரில் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டை போகா 2-1 என்று வென்றபோது இரண்டு கோல்களையும் பலேர்மோ அடித்தார். ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் 22 வயது ரிகெல்மே. 2002இல் பார்சலோனா அவரை வாங்கியது. பயிற்சியாளர் லூயி வான் காலின் வகுப்பில் கொக்கிக்கு இடமில்லை. ரிகெல்மே பெரும்பாலும் இடது ஓரத்துக்கு அனுப்பப்பட்டார். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் கோடு. பார்வையில் பாதி அங்கேயே அடைபட்டுவிடும். மிச்சமிருக்கும் பாதியில் அவர் செய்ய வேண்டியது கோட்டோரமாக வேகமாக ஓடி ஆளைக் கடப்பது. ரிகெல்மேயிடம் இல்லவே இல்லாத ஒன்று வேகம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: 2000இல் ரிவர் பிளேட்டுக்கு எதிராக யேபெஸின் கால்களுக்கு இடையே ரிகெல்மே பின்னோக்கி உருட்டிய பந்து மைதானத்தின் ஓரத்தில் நடந்ததுதானே? நடந்ததுதான். ஆனால் அவர் தானாக அங்கே நகர்ந்தார். தேவைப்படும்போது ஓரத்துக்குப் போவதும், ஓரத்திலேயே குடியிருக்கச் சொல்வதும் வேறு வேறு.

சரி, வான் கால் அவரைப் பிர்லோவைப் போலப் பின்னுக்கு இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நெடுநாள் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இப்போது ஐயமாக இருக்கிறது. பிர்லோ உடல் மோதலைத் தவிர்ப்பவர்; எதிராளி நெருங்குவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். ரிகெல்மே எதிராளியை நெருங்கவிடுபவர். உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து, முதுகையும் இடுப்பையும் கொடுத்து, பின்னாலிருப்பவரைத் தன்மேல் சாயவிட்டு, அந்தச் சாய்வையே பயன்படுத்தித் திரும்புவது அவர் கலை. அவருக்கு ஒட்டிநிற்கும் ஒரு காவலர் தேவை. இரண்டாவது காவலரும் வந்தால் இன்னும் நல்லது, வேறெங்கோ ஒரு சகா விடுபட்டிருப்பார். இந்த விளையாட்டைத் தன் கோலுக்கு முப்பது மீட்டர் முன்னால் விளையாடினால், இழக்கும் ஒரு பந்து ஒரு கோல். எதிரணியின் கோலுக்கு முப்பது மீட்டர் முன்னால் இழந்தால் ஓர் இழப்பு, அவ்வளவே. ஆக இருவருமே மெதுவானவர்கள், இருவருமே பார்வையால் ஆடுபவர்கள் என்றாலும் இடங்கள் ஒன்றாக முடியாது.

2003இல் ரொனால்டினோ வந்ததும் பார்சலோனா ரிகெல்மேயை வில்லாரியலுக்கு இரவல் கொடுத்தது. சுமார் 50,000 பேர் வாழும் ஊர் அது. பயிற்சியாளர் பெல்லெக்ரினி அணியையே அவரைச் சுற்றி அமைத்தார். 2004-05இல் ஸ்பானிய லீகில் மூன்றாமிடம். ஃபோர்லான் 25 கோல்களுடன் லீகின் முதல் கோலடிப்பாளர். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அங்கே ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை ரிகெல்மே அடிக்க, லேமான் தடுத்துவிட்டார். ஊரின் கனவு அதோடு முடிந்தது.

இதுவரை சொன்னது நம் கட்சிக்குச் சாதகமானது. சாதகமில்லாததையும் சொல்லவேண்டும். பெல்லெக்ரினிக்கும் ரிகெல்மேக்கும் முறிந்தது. 2007இல் அவர் போகாவுக்குத் திரும்ப, அவ்வாண்டு லிபர்டடோரெஸ் கோப்பையின் இறுதியில் கிரெமியோவை இரு ஆட்டங்களிலுமாக 5-0 என்று போகா நொறுக்கியது. மூன்று கோல்கள் ரிகெல்மேயுடையவை. அவர் ரசிகர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 2007-08 பருவத்தில், ரிகெல்மே இல்லாத வில்லாரியல் ஸ்பானிய லீகில் இரண்டாமிடம் பிடித்தது. அவர் இருந்தபோது எட்டாத இடம் அது. அவரைச் சுமந்த கால்கள் சுமை இறங்கியதும் இன்னும் வேகமாக ஓடின என்று ஒருவர் வாதிட்டால், மறுக்க நம்மிடம் பெரிதாக ஒன்றுமில்லை.

சுமை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறோம். படைப்பூக்கமுள்ள ஆட்டக்காரரின் சிறந்த இடம் எது என்று பேசும்போது அந்த இடத்தை ஒரு புள்ளியாகப் பலகையில் குறித்துவிடுகிறோம். அந்தப் புள்ளி நிலைத்திருக்க இருபுறமும் யார் ஓடுகிறார்கள் என்பதைக் குறிப்பதில்லை. மிலானில் பிர்லோவின் அருகே கட்டூஸோ ஓடினார். வில்லாரியலில் ரிகெல்மேயின் பின்னால் மார்கோஸ் சென்னா ஓடினார். கட்டூஸோவின் கால்களை விலக்கிவிட்டு பிர்லோவின் கண்களை மட்டும் வாங்க முடியாது. 2010-11இல் மிலான் தடுப்பு வரிசைக்கு முன்னால் முரட்டுத் தடுப்பாளர்களை விரும்பியது; பிர்லோ இடம் இழந்தார், காயமும் சேர்ந்துகொண்டது. 32 வயதில் கட்டணமின்றி யுவெண்டஸ் அவரை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் விடாலையும் மார்க்கீஸியோவையும் ஓடவிட்டது. அடுத்த பருவம் யுவெண்டஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இத்தாலிய லீகை வென்றது. பிர்லோ அங்கிருந்த நான்கு ஆண்டுகளும் பட்டம் அவர்களுக்கே.

இடம் கிடைத்துவிட்டதாலேயே அது காப்பாகிவிடுவதுமில்லை. 2010 மார்ச்சில் மான்செஸ்டரில் ஃபெர்குசன், பார்க் ஜி-சுங் என்ற ஒரே ஆளைப் பிர்லோவின் நிழலாக ஒட்டவிட்டார். மிலான் 4-0 என்று தோற்றது. காவலர் ஒட்டினால் பிர்லோவுக்கு மூச்சுத்திணறும். ரிகெல்மேக்கு அது பழகிய வீடு. அன்று இருவரும் இடம் மாறி நின்றிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி அந்த 72ஆம் நிமிடம். பெக்கர்மேனை முட்டாள் என்று நாம் சொல்ல மாட்டோம். அர்ஜெண்டினா இளையோர் அணியிலிருந்தே ரிகெல்மேயை வளர்த்தவர் அவர். அந்த உலகக் கோப்பையில் செர்பியா-மாண்டிநீக்ரோவை 6-0 என்று வென்ற ஆட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட கைமாற்றங்களுக்குப் பின் கம்பியாஸோ முடித்த அந்தக் கோல் பெக்கர்மேன் கட்டிய அணியின் கோல்தான். ரிகெல்மே களைத்திருந்தார் என்பதும் பொய்யல்ல. ஆனால் அந்த அணியின் மற்றப் பத்துப் பேரும் பந்தை எடுத்ததும் தலையைத் தூக்கித் தேடப் பழகியிருந்தது அவரைத்தான். அவரை எடுத்ததும் எஞ்சிய நிமிடங்களில் அவர்கள் தேடிய இடம் வெறுமையாக இருந்தது. களைத்த ரிகெல்மே நின்றுகொண்டு மட்டும் இருந்திருந்தால்கூட இரண்டு ஜெர்மானியர்கள் அவருடனேயே நின்றிருப்பார்கள் என்று நாம் இன்றும் நம்புகிறோம். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

நான்கு நாட்கள் கழித்து, ஜூலை 4 அன்று, டோர்ட்முண்டில் அதே ஜெர்மனியை இத்தாலி அரையிறுதியில் சந்தித்தது. கூடுதல் நேரத்தின் 119ஆம் நிமிடம்வரை கோல் இல்லை. ஒரு கார்னரிலிருந்து வெட்டி வெளியே அனுப்பப்பட்ட பந்து பெனால்டிப் பகுதியின் விளிம்பில் நின்றிருந்த பிர்லோவிடம் வந்தது. அவர் அடிக்கவில்லை. பந்தோடு பக்கவாட்டில் நகர்ந்தார். ஜெர்மானியர்கள் அவரோடு நகர்ந்தார்கள். வேறெங்கோ பார்த்தபடியே க்ரோஸோவின் பாதையில் பந்தைத் தள்ளிவிட்டார். க்ரோஸோவின் இடது கால் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அப்போது பிர்லோ நின்றிருந்த இடம் எதிரணியின் பெனால்டிப் பகுதிக்குச் சற்று வெளியே, ஐந்தாண்டுகளுக்கு முன் பாஜியோ இருக்கிறாரென்று மாட்ஸோனே அவரை விலக்கிக்கொண்ட அதே இடம்.