குதிரைக்குத் துப்பட்டா தெரியுமா?

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சென்று வந்த தோழியரின் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் தவறாமல் இருக்கும். குதிரைமேல் ஒரு பெண். காலில் ரப்பர் செருப்பு, காற்றில் பறக்கும் துப்பட்டா, தலையில் மல்லிகைச் சரம். அழகான படந்தான். ஆனால் முறையான குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளியில் அந்தக் கோலத்தில் நம்மை ஏறவிடமாட்டார்கள். "பத்து நிமிடச் சவாரிக்கு இத்தனை விதிகளா?" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. நாங்கள் அவ்விதிகளின் பக்கம் நின்று பேச விரும்புகிறோம்.

முதலில் காலணி. ஓர் அங்குலக் குதிகால் உள்ள மூடிய காலணி வேண்டும் என்பார்கள். இது அலங்காரத்திற்கன்று. குதிகால் இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மறுபுறம் போய்விடும். அந்நிலையில் விழுந்தால் மிரண்ட குதிரை நம்மை இழுத்துக்கொண்டே ஓடும். பறக்கும் துப்பட்டாவோ அதை மிரளவும் வைக்கும், எதிலாவது சிக்கவும் செய்யும். துப்பட்டா என்பது நாணத்தின் அடையாளம் என்று குதிரைக்கு யார் சொல்வது?

அடுத்தது தலைக்கவசம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை இடறியதால் விழுந்தார். கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டையோடு உடைந்து பல நாள் நினைவிழந்து கிடந்தார். உலகத் தரத்தில் சவாரி செய்தவருக்கே இந்தக் கதி! சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 முதல் டிரஸ்ஸாஜ் போட்டியிலும் கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. (புனித பவுல் குதிரையிலிருந்து விழுந்ததாக ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். திருத்தூதர் பணிகள் நூலில் அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் இடத்தில் குதிரையே கிடையாது. குதிரை ஏறியதாகவே சொல்லப்படாதவருக்குக் கவசம் எதற்கு?) நம் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டினால் கவசம் தலையில் சரியாக உட்காராது. சடையைப் பிடரியில் தாழ்வாகப் பின்னிக்கொள்வதே நல்லது.

"பெண் பிள்ளை கால்சட்டை போடுவதா?" என்பது சில வீடுகளில் இன்னும் எழும் கேள்வி. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு டிரஸ்ஸாஜ் அணித் தங்கம் பெற்றுத் தந்த நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் இருவரும் பெண்களே. அவர்கள் சவாரிக் கால்சட்டையில்தான் பதக்கம் வாங்கினார்கள்.

முன்பதிவுப் படிவத்தில் வயது, உயரம், எடை எல்லாம் கேட்கிறார்கள். எடையைக் கண்டதும் நம்மில் பலருக்கு வெட்கம் வந்துவிடுகிறது. ஐந்து கிலோ குறைத்து எழுதுகிறோம். குதிரை தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ மட்டக்குதிரைக்கு 60 கிலோ. அதிலும் சேணத்தின் எடை சேர்த்தி. நாம் மறைக்கும் ஐந்து கிலோவை அதன் முதுகு சுமக்கிறது. வாயில்லா ஜீவனிடம் பொய் சொல்லலாமா?

தாமதமாக வந்தால் பாட நேரத்தைக் குறைப்பார்கள். கடைசி நேரத்தில் வராமல் நின்றால் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். குதிரை பேருந்து அல்ல. தீனி தின்றபின் ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும்; ஒரு நாளில் இத்தனை முறைதான் என்ற அளவும் வேண்டும். நமக்காகத் தேய்த்துச் சேணம் பூட்டி நிறுத்திய குதிரையும் குதிரைக்காரரும் காத்திருப்பார்கள்.

ஆனால் பயிற்சிப் பள்ளிகளிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உடை விதியைப் பதிவு செய்யும்போதே தமிழில் எழுதிக் கொடுங்கள். வாசலில் வந்து நிற்கும்போது சொல்லாதீர்கள். வெளியூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் பெண்ணைச் செருப்புக்காகத் திருப்பி அனுப்பிவிட்டு, கட்டணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமன்று. கவசமும் காலணியும் சொந்தமாக வாங்க எல்லாராலும் இயலாது. பல அளவுகளில் நல்ல கவசங்களை, முன்பு விழுந்து அடிபட்டவற்றை நீக்கிவிட்டு, கட்டணத்திலேயே சேர்த்து இரவலாகத் தந்தால் எங்கள் வகுப்பிலிருந்தே பத்துப் பேர் பெயர் கொடுப்போம்.