முட்டை சைவமா?

முட்டை சைவமா அசைவமா என்ற பட்டிமன்றம் தமிழ்நாட்டில் ஓய்ந்ததே இல்லை. சேவல் சேராமல் இட்ட முட்டையில் உயிரில்லை, ஆகவே சைவம் என்பார் ஒருவர். கோழி வயிற்றிலிருந்து வந்தது எப்படிச் சைவமாகும் என்பார் இன்னொருவர். யார் வென்றாலும், நாமக்கல்லில் அந்த முட்டையை இட்ட கோழிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இறைச்சியைப் பற்றிய நம்முடைய அறப்பேச்சு முழுவதும் உண்பவரின் வயிற்றையும் தூய்மையையும் சுற்றியே நடக்கிறது. உண்ணப்படும் உயிர் எப்படி வாழ்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. சைவம், அசைவம் என்று நாம் கிழித்திருக்கும் கோடு பிராணிகளின் துன்பத்தை அளக்கும் கோடு அல்ல. சில இடங்களில் அது உண்மைக்கு நேர்மாறாகவே ஓடுகிறது.

தரிசில் மேய்கிற வெள்ளாட்டை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஊர் ஊராக ஓட்டிப்போய்க் கிடை போடும் செம்மறியையும் எடுத்துக்கொள்ளலாம். வெயிலில் அலைகிறது, மழையில் நனைகிறது, நோய் கண்டால் கூட்டமாகச் சாகிறது. சொகுசான வாழ்வு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கறிக்கடைக்குப் போகும் அந்த ஒரு நாள்வரை அது ஆடாகவே வாழ்கிறது: நடக்கிறது, தழை தேடுகிறது, மந்தையோடு படுக்கிறது. கூண்டுக் கோழிக்கு இதில் எதுவும் இல்லை. காட்டுக்கோழி அடைகாக்கும் அளவுக்குச் சில முட்டைகளே இடும். அதன் வழிவந்து, முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இன்றைய கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளைத் தாண்டுகிறது. மண்ணைக் கிளறுவதும், புழுதியில் புரள்வதும், மறைவாக ஓரிடம் தேடி முட்டையிடுவதும், இரவில் உயரத்தில் ஏறி அடைவதும்தான் கோழியின் இயல்பு. சாய்வான கம்பித் தரையில், நான்கைந்து கோழிகளுக்கு நடுவே, இறக்கையை விரிக்க இடமின்றி நிற்கும் கோழிக்கு இவை ஒன்றுமே வாய்ப்பதில்லை. நெரிசலில் ஒன்றையொன்று கொத்திவிடாமலிருக்கக் குஞ்சிலேயே அலகின் நுனியைத் தீய்த்துவிடுகிறார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து முட்டை குறைந்ததும் அதுவும் கறிக்குத்தான் போகிறது. அதன் உடன்பிறந்த சேவல் குஞ்சுகள் முட்டையும் இடா, லாபம் தரும் அளவுக்குக் கறியும் போடா. ஆகவே பொரித்த நாளிலேயே அவற்றைக் கொன்றுவிடுவதுதான் உலகம் முழுக்க இத்தொழிலின் வழக்கம். ஜெர்மனி 2022இல் இதைத் தடைசெய்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிக் கூடையில் வைத்து விற்கிறார்களே, அவை பெரும்பாலும் இந்த வேண்டாத குஞ்சுகள்தான். ஆட்டுக்கறியைப் பாவம் என்று ஒதுக்கிவிட்டு ஆம்லெட்டை நிம்மதியாகச் சாப்பிடுகிறவர், அதிகத் துன்பத்தின் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.

சட்டம் இதைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நகர்வதற்குப் போதிய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையை முழுக்க முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கே ஒதுக்கியது. அதன் பிறகு மத்திய அரசு வகுத்த விதிகளில் ஒரு கோழிக்கான குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் பரப்பு அதைவிடக் கூடுதல். இதே 550 அளவுள்ள வெறுங்கூண்டைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் போதாது என்று 2012இல் ஒழித்தது. இன்னொரு விநோதமும் உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது பிராணிகளின் 'ஐந்து சுதந்திரங்க'ளை அடிப்படையாகக் காட்டியது. அந்தக் கருத்து, பண்ணைகளில் அடைத்து வளர்க்கப்படும் பிராணிகளை ஆராய்ந்து 1965இல் பிரிட்டனின் பிராம்பெல் குழு தந்த அறிக்கையிலிருந்து வளர்ந்தது. பண்ணைப் பிராணிக்காகப் பிறந்த கொள்கை இங்கே வாடிவாசல் காளைக்குப் பயன்பட்டது. கூண்டுக் கோழிக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் தடையை எதிர்த்து 2017இல் மெரினாவில் கூடியவர்கள், பிராணிநேயம் பேசுவோருக்குக் காளை மட்டும்தான் கண்ணில் படுமா என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவர்களும் அதற்கு மேல் போகவில்லை.

கொல்வதே தவறாக இருக்கும்போது, எப்படி வளர்த்தார்கள் என்பதில் என்ன இருக்கிறது என்று முழுச் சைவர் கேட்கலாம். வாங்குவோர் இருப்பதால்தான் கொன்று விற்போர் இருக்கிறார்கள் என்பது புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த வாதம். இன்றுவரை அது அசைக்க முடியாத வாதம். கொல்லாமை உயர்ந்த நிலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வாதம் பாலையும் விடாது. பசு கன்று ஈன்றால்தான் பால். ஈன்றவற்றில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டரும் கருவூட்டலுக்கு ஊசியும் வந்தபின் அந்தக் கன்றுக்கு எங்கே இடம் என்று தயிர்சாதம் சாப்பிடுகிறவரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தவிர, 2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவர்கள். இத்தனை பேரும் நாளையே மாறிவிடுவார்கள் என்று நம்பி, அதுவரை கூண்டைப் பற்றிப் பேசாமலிருப்பதைக் கருணை என்று ஏற்க என்னால் முடியவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இந்தியாவில் சாப்பாட்டு அறம் பேசியவர்கள் பெரும்பாலும் சாதி அறம்தான் பேசினார்கள்; வாடகை வீட்டில் மீன் வாசம் வரக்கூடாது என்பதும், மாட்டுக்கறி தின்பவரை அடிப்பதும் ஜீவகாருண்யத்தின் பெயரால்தான் நடக்கின்றன. அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் கேள்வியைத் தட்டிலிருந்து பண்ணைக்கு நகர்த்தச் சொல்கிறேன். எந்தப் பிராணி என்று பார்க்காமல் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால், மேய்ந்து வளர்ந்த மாட்டின் கறியை உண்பவர், கூண்டு முட்டையில் செய்த கேக்கை உண்பவரைவிடக் குறைந்த குற்றவாளி. சாதி ஏணி வைத்திருக்கும் வரிசையை இந்த அளவுகோல் புரட்டிப்போடுகிறது.

சூழலைக் காக்க ஆடு, மாட்டைக் குறைத்துக் கோழிக்கு மாறுங்கள் என்ற அறிவுரையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அசைபோடும் விலங்குகள் மீத்தேன் வெளியிடுவது உண்மை. ஆனால் ஓர் ஆடு பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தரும் என்றால், ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு ஊதவைக்கப்படும் பிராய்லரில் ஒன்றரைக் கிலோ கறி தேறினால் அதிகம். ஓர் ஆட்டின் இடத்தில் ஏழெட்டுக் கோழிகள். நெருக்கடியில் வளரும் கூட்டத்தை நோயின்றி வைத்திருக்க மருந்து தேவைப்படுகிறது. மனிதருக்கே கடைசிக் கட்டத்தில் தரும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை 2019இல் தடைசெய்ய வேண்டிவந்தது.

ஏழையின் புரதம் முட்டைதான், அதன் விலையை ஏற்றலாமா என்பது கடைசிக் கேள்வி, முக்கியமானதும் அதுதான். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். குழந்தைகளின் தட்டிலிருந்து அதை எடுக்கச் சொல்லும் எந்த அறமும் எனக்கு வேண்டாம். கூண்டை அகலமாக்கினால் செலவு கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கோழி மட்டுமல்ல. பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழி வளர்க்கும் விவசாயிக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருவது. கொட்டகையும் கரன்ட் பில்லும் உழைப்பும் அவருடையவை. கிடைப்பது கிலோக் கணக்கில் வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. சில்லறை விலையைக் கீழேயே வைத்திருக்கக் கோழியையும் விவசாயியையும்தான் நெருக்குகிறார்கள்.

கூடும் செலவை ஏழை வீட்டின் தலையில் கட்டாமல் தொடங்கவும் வழியுண்டு. தமிழ்நாட்டின் மிகப் பெரிய முட்டை வாடிக்கையாளர்களில் ஒருவர் மாநில அரசே. வாங்கும் முட்டைக்கு எடையும் தரமும் நிர்ணயிக்கிறது, வெளியே கடத்தாமலிருக்க ஓட்டின் மேல் முத்திரை குத்துகிறது. அதே ஒப்பந்தப்புள்ளியில், முதல் ஆண்டு பத்தில் ஒரு பங்கு முட்டையாவது கூண்டில்லாப் பண்ணையிலிருந்து வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். விலை வித்தியாசத்தை அரசு ஏற்கலாம். உறுதியான கொள்முதல் இருக்கிறது என்று தெரிந்தால், நாமக்கல் பண்ணைக்காரர் வங்கிக் கடன் வாங்கிக் கொட்டகையை மாற்றிக் கட்டத் தயங்கமாட்டார்.