தட்டில் செத்த செல்லும் உடம்பில் இருக்கும் புற்றும்



முள் சீத்தா இலை "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை" என்ற செய்தி இந்த வாரம் மட்டும் நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. எல்லாரும் என்னிடம் படித்தவர்கள், ஒருவன் பொறியாளன் வேறு! நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவன். ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஆராய்ச்சியில் நிரூபணம்" என்கிறீர்களே, என்ன ஆராய்ச்சி? இலையைக் காயவைத்துப் பொடித்து, எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய் செல்களை வளர்த்து, அதில் சாற்றை விடுவார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதா ஆக்கும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. நல்ல சோதனைதான், ஆனால் முதல் படி. அதே தட்டில் சோப்புத் தண்ணீர் விட்டாலும் செல் சாகும். அதற்காக சோப்பைக் கரைத்துக் குடிப்போமா? நல்ல செல்லை விட்டுவைக்குமா, வாயால் குடித்தது ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பதையெல்லாம் தட்டு சொல்லாது. மஞ்சளில் உள்ள குர்குமின் சறுக்குவது இங்கேதான். தட்டில் பிரமாதம்; விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

"அலோபதிக்காரன் மூலிகையை மறைக்கிறான்" என்பது அதைவிட அபத்தம். நம் வீட்டு வாசல் நித்யகல்யாணியைப் பாருங்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கப் போய், எலிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அப்படிக் கிடைத்தது வின்பிளாஸ்டின். அதே செடியின் வின்கிரிஸ்டினைத்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தருகிறார்கள். ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டிய அந்த மருந்து தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் உயிரே போய்விடும். இலையில் அது இருப்பதோ இம்மியளவு. ஒரு கிராமுக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இதைக் கசாயத்தில் எந்த டம்ளரால் அளப்பீர்கள்?

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் இருபது வருஷத்துக்கு மேல் சுமார் 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. அதில் தேறியதில் ஒன்று பசிபிக் யூ மரப்பட்டையின் டாக்சால். பட்டை உரித்தது 1962, மருந்தாக அனுமதி 1992. மறைக்கிறவன் செய்கிற வேலையா இது?

எங்கள் தெருவில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். மார்பில் சின்னக் கட்டி. இரண்டு சுற்று கீமோவோடு நிறுத்திவிட்டு எட்டு மாதம் கசாயம் குடித்தாள். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எலும்புக்குப் பரவியிருந்தது. செய்தி அனுப்பியது அவளுடைய சொந்த நாத்தனார், பாசத்தில்தான்.

இன்னொன்று. அதே முள் சீத்தாவில் அன்னோனாசின் என்ற நரம்பைத் தாக்கும் நச்சு உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில், அந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நோயைப் பார்த்து 1999-லேயே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள்.

வீட்டில் யாராவது கசாயம் குடித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போகும்போது அந்த இலையையே பையில் போட்டுக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். கீமோ தேதியைத் தள்ளாதீர்கள். என்னைத் திட்ட வேண்டுமானால் கீழே தாராளமாக எழுதலாம், அழிக்க மாட்டேன்.