மூன்றடி தண்ணீரில் போகும் டிஃபெண்டர்... நம்பி இறங்கலாமா?

1947-ம் ஆண்டு. வேல்ஸின் ஆங்கில்சி தீவுக் கடற்கரை. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், மணலில் ஒரு வண்டியின் படத்தை வரைந்து தன் அண்ணனிடம் காட்டினார் என்பார்கள். போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாட்டால் அலுமினிய உடம்போடு, 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது லேண்ட் ரோவர். விவசாயிக்கும் ராணுவத்துக்கும் உழைத்த அந்த வம்சத்தின் கடைசி டிஃபெண்டர், 2016 ஜனவரியில் ஆலையைவிட்டு வெளியே வந்தது.

2019-ல் புது டிஃபெண்டர் வந்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். காரணம், லேடர் ஃபிரேம் போய், மோனோகாக் சேஸி வந்திருந்தது. 'இது காடு மேட்டைத் தாங்குமா?' என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், பழைய ஃபிரேமைவிட மூன்று மடங்கு உறுதியானது இந்த அலுமினிய உடம்பு என்கிறது நிறுவனம். ஏர்பேக்கே இல்லாத பழைய வண்டியின் வாரிசு, 2020-ல் யூரோ என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது.

சரி, ஓட்ட எப்படி?

110 மாடலின் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 300 பி.எஸ் பவரும், 400 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. 2 டன்னைத் தாண்டிய இந்த யானை, 100 கி.மீ வேகத்தைத் தொட 8 விநாடிகளுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. அவசரக்காரர்களுக்கு 'ஆக்டா' இருக்கிறது. 635 பி.எஸ், அதே வேகத்துக்கு 4 விநாடிகள்தான்!

ஏர் சஸ்பென்ஷனை ஆஃப்ரோடு உயரத்துக்குத் தூக்கினால், கிரவுண்ட் கிளியரன்ஸ் 291 மி.மீ. அப்போது 900 மி.மீ ஆழத் தண்ணீரில், அதாவது கிட்டத்தட்ட 3 அடியில் போகும். இதற்கென்றே 'வேட்' மோடு உண்டு. அதைப் போட்டால் ஆக்ஸிலரேட்டர் நிதானமாகும், ஏ.சி, வெளிக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுழற்றும். கரையேறியதும் பிரேக்குகள் லேசாக உரசி, தாமே உலர்ந்துகொள்ளும்.

இங்கேதான் கவனம் தேவை. 900 மி.மீ என்பது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, கீழே தரை கெட்டியாக இருந்தால் மட்டும். ஓடும் தண்ணீரின் கணக்கே வேறு. 2 அடி வெள்ளம் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும் என்று எச்சரிக்கிறது அமெரிக்க தேசிய வானிலை சேவை. தண்ணீர் அடித்தட்டைத் தொட்டதுமே காரை மேலே தூக்கத் தொடங்கும். டயரின் பிடி நழுவும். நான்கு சக்கரமும் சுழன்றாலும் தரையில் பிடி இல்லையென்றால் என்ன பயன்?

மழைநாளில் சுரங்கப்பாதை முன்னால் நிற்கும் எல்லா காருக்கும் பொருந்தும் பாடம் இது. ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் வராது. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்று இன்றே பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

பிளஸ்: உறுதி, சொகுசு, எளிதில் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய தரை, முன்வரிசையிலேயே மூன்றாவது ஆளும் உட்காரும் ஜம்ப் சீட் வசதி.

மைனஸ்: ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் விலை, குறுகிய தெருவில் 2 மீட்டர் அகலத்தைத் திருப்பும் பாடு.

டிஃபெண்டர் தண்ணீரைத் தாண்டும்தான். எந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை மட்டும் ஸ்டீயரிங் பிடித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்!