ஊதியச் சீட்டும் ஒரு பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் பெரும் தொழில்வட்டாரமாக மாறிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்து வரும் இளைஞர்கள், படிப்பை முடித்த கையோடு தம் முதல் ஊதியத்தை இங்குப் பெறுகின்றனர். அந்த ஊதியத்தைப் புரிந்துகொள்ளும் அறிவை, அதைப் பெறுவதற்கு முன்பே பள்ளி வழங்க வேண்டும்.

பணம் பற்றிய கல்வி என்றதும் சிக்கனமாக வாழ்க என்னும் அறிவுரையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அறிவுரை மட்டும் கல்வி ஆகாது. ஊதியச் சீட்டைப் படிக்கக் கற்பதே இக்கல்வியின் முதற்படி. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் எனில், வருங்கால வைப்புநிதிக்கு 12 விழுக்காடாக 1,800 ரூபாய் பிடித்தம் செய்யப்படும். நிறுவனமும் தன் பங்காக அதே அளவு தொகையைச் செலுத்த வேண்டும்; அதில் பெரும்பகுதி ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்லும். இப்பணம் முறையாகச் செலுத்தப்பட்டதா என்பதைத் தொழிலாளி தன் 12 இலக்கக் கணக்கு எண்ணைக் கொண்டு கைப்பேசியிலேயே அறியலாம். அடிக்கடி நிறுவனம் மாறும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இவ்வறிவு பெருந்துணையாகும்.

அடுத்தது கடன். ‘ஐந்து வட்டி’ என்னும் சொல் கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்பதே அதன் பொருள். 10,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி மட்டும் 6,000 ரூபாய். அதாவது 60 விழுக்காடு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், வட்டியைக் கணக்கிடத் தெரியாதவர் தாம் ஏமாற்றப்படுவதை உணராதபோது சட்டத்தை எவ்வாறு நாடுவார்?

வேலை என்றும் நிலைத்திருக்கும் என்றும் கூற இயலாது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், அவர்களுள் பலர் இளம்பெண்கள். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் விலகியோருக்கு ஒரு மொத்தத் தொகை கிடைத்தது. அத்தகைய தொகையைக் கொண்டு கடனை அடைப்பதா, வைப்புநிதியில் இடுவதா, மேலும் படிப்பதா என்பதை ஒருவர் தம் இளம்வயதிலேயே முடிவு செய்ய நேரிடுகிறது. அம்முடிவுக்கான பயிற்சியை நெருக்கடி வந்தபின் பெற இயலாது.

குறைந்த ஊதியம் பெறுவோரிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது, வறுமைக்கு அவர்களையே குற்றவாளியாக்கும் என்பர் சிலர். இக்கருத்தைப் புறந்தள்ள முடியாது. நிதியறிவு ஊதியத்தை உயர்த்திவிடாது. நியாயமான ஊதியத்திற்கு மாற்றாகவும் அமையாது. ஆனால், உழைத்துப் பெற்றதை இழக்காமல் காக்கவும், உரியதைக் கேட்டுப் பெறவும் அது துணைசெய்யும்.

இதற்கெனத் தனிப்பாடம் தேவையில்லை. கணக்குப் பாடத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் முன்பே உள்ளன. அவற்றோடு ஓர் ஊதியச் சீட்டையும், ஒரு கடன் ஒப்பந்தத்தையும், ஒரு வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் போதும். தான் கையெழுத்திடும் தாளைப் படித்துப் பொருள் உணரும் திறனோடு ஒவ்வொரு மாணவரும் பள்ளியைவிட்டு வெளியேற வேண்டும்.